கொல்லையில் முளைத்த மாம்பழச் சந்தை: ஒரு மல்கோவாவின் ஃப்ளோரிடா வம்சம்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால், கோடைக்காலத்தில் மாம்பழத்தைத் திட்டும் படலம் வந்தே தீரும். பார்க்கச் சிவப்பும் பச்சையுமாகப் பளபளன்னு இருக்கும். தொட்டால் கல். அறுத்தால் நார். வாயில் வைத்தால் ஒண்ணுமே இல்லை. பல பேருக்கு அந்தப் பழத்தின் பெயர்கூடத் தெரியாது. அதன் பெயர் டாமி அட்கின்ஸ். மெக்சிகோவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகிற ரகம்.

இதன் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஏதாவது ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவாகியிருக்கும் என்று நினைத்தால், ஒரு தனியார் வீட்டு இடத்தில் போய் நிற்கிறது. இன்னும் தோண்டினால் அம்மா வழிப் பாட்டியின் பெயர் வருகிறது: முல்கோபா. அதாவது நம்ம மல்கோவா.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கு, என்ன பழமரம் வைக்கலாம் என்று யோசிக்கிற எல்லாருக்கும் இந்தக் குடும்பக் கதையில் உபயோகமான சங்கதி இருக்கு. அதனால் இந்தக் குறிப்பு.

பேரிலேயே மாங்காய் வைத்த ஊர்

ஃப்ளோரிடாவுக்கு மாமரம் வந்து 200 வருஷம்கூட ஆகவில்லை. 1833இல் ஹென்றி பெரைன் என்ற மருத்துவர் மெக்சிகோ பக்கத்திலிருந்து மாங்கன்றுகளைக் கொண்டுவந்தார். வெப்பமண்டலப் பயிர்களை ஃப்ளோரிடாவில் வளர்த்துக் காட்டணும் என்பது அவருடைய பெரிய கனவு. 1840இல், செமினோல் பழங்குடியினரோடு நடந்த போரின்போது, இந்தியன் கீ தீவின்மீது நடந்த தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். பார்க்க ஆளில்லாமல் அந்த மரங்களும் போயின.

1860களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மறுபடியும் விதைகள் வந்தன. அவற்றில் ஒன்று டர்பன்டைன். பெயரிலேயே தெரியும், பழத்தில் அப்படி ஒரு நெடி. நார் வேற. ஆனால் மரம் கெட்டி. மயாமி பக்கத்தில் மண் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மேலே கொஞ்சம் தூசி, கீழே சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையிலும் டர்பன்டைன் தழைத்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

1889இல் அமெரிக்க வேளாண்துறை இந்தியாவிலிருந்து ஒட்டுக்கன்றுகளை வரவழைத்தது. அவற்றை லேக் வொர்த் ஏரிக்கரையில் குடியிருந்த எல்பிரிட்ஜ் கேல் என்பவரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். கேன்சஸ் வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாம்பழப் பைத்தியம் என்றே சொல்லலாம். தான் குடியேறிய இடத்துக்கு மேங்கோனியா என்று பெயர் வைத்தார். நம்ம 'மாங்காய்' போர்த்துகீசியர் வாயில் 'மங்கா'வாகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ'வாகி, கடைசியில் ஃப்ளோரிடாவில் ஊர்ப் பெயராகவே உட்கார்ந்துவிட்டது.

1894-95 குளிர்காலத்தில் ஃப்ளோரிடா முழுக்கக் கடும் பனி. ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தன. இந்தியாவிலிருந்து வந்த மாங்கன்றுகளில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது, முல்கோபா. அது 1898இல் காய்த்தது. நாரில்லாத, மணமான, வழுவழுப்பான மாம்பழத்தை அந்தப் பகுதி ஜனங்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்று என்பதால் அந்த மரமும் இன்றைக்குச் சேலத்துச் சந்தையில் விற்கிற மல்கோவாவும் ஒரே மரம் என்று நான் சொல்ல வரவில்லை. கன்றோடு பெயரும் கப்பல் ஏறியது என்பது மட்டும் நிச்சயம்.

ஹேடன் அம்மாள் காத்திருந்தது

அடுத்த கட்டம் மயாமிக்குப் பக்கத்தில் கோகனட் குரோவ் என்ற ஊர். அங்கே ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், 1902இல் முல்கோபா பழத்தின் கொட்டைகளைச் சில டஜன் வாங்கித் தன் இடத்தில் போட்டார். கன்றுகள் வளர்ந்தன. பழத்தைப் பார்க்காமலே அவர் இறந்துவிட்டார்.

மனைவி ஃப்ளாரன்ஸ் ஹேடன் மரங்களை வெட்டவில்லை. தொடர்ந்து பராமரித்தார். 1910இல் அதில் ஒரு மரம் காய்த்தது. மஞ்சளில் சிவப்பு பூசின மாதிரி நிறம், பெரிய பழம், நல்ல ருசி. அதுவரை மேற்கு நாடுகளில் யாரும் அப்படி ஒரு மாம்பழத்தைப் பார்த்ததில்லை. கணவர் பெயரையே அதற்கு வைத்தார். ஃப்ளோரிடாவில் மாம்பழம் ஒரு வியாபாரமாக நிமிர்ந்தது ஹேடன் வந்த பிறகுதான்.

முல்கோபாவின் கொட்டையிலிருந்து முல்கோபா வரவில்லை, ஹேடன் வந்தது. ஏன்? "கொட்டை போட்டு வளர்த்தா தாய் மாதிரி வராது" என்று நம்ம ஊரில் சொல்வதற்கான காரணமும் இதுதான். மாமரத்தில் இரண்டு சாதி உண்டு. இந்திய ரகங்கள் பெரும்பாலும் ஒரு கொட்டைக்கு ஒரே கரு. அந்தக் கரு தாய் மரமும் மகரந்தம் கொடுத்த அப்பா மரமும் கலந்து உண்டானது. அதனால் பிள்ளை யாரைப் போலவும் இருக்கலாம். தென்கிழக்காசிய ரகங்கள் பலவற்றில் ஒரே கொட்டையில் பல கரு இருக்கும். அதில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே முளைப்பதால் அச்சு அசலாகத் தாய் மாதிரியே வரும். டர்பன்டைன் இந்த இரண்டாவது சாதி.

ஹேடனின் அப்பா யார் என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 2000களில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது தெரிந்தது, அந்த நார் பிடித்த, நெடியடிக்கிற டர்பன்டைன்தான். பக்கத்தில் யாரோ வைத்திருந்த மரத்தின் மகரந்தத்தை ஈயோ பூச்சியோ கொண்டுவந்திருக்கு. உசத்தி ஜாதியும் ஊர் நாட்டு மரமும் யாரும் திட்டமிடாமல் கலந்ததில் வந்த பிள்ளை.

வரிசையாக வீட்டு மரங்கள்

ஹேடனோடு இது நிற்கவில்லை. இன்றைக்கு உலகச் சந்தையில் ஓடுகிற ஃப்ளோரிடா ரகங்களின் பெயர்களைப் பாருங்கள், எல்லாம் வீட்டுக்காரர்களின் பெயர்கள்.

கென்ட்: கோகனட் குரோவில் லீத் கென்ட் என்பவரின் இடத்தில் 1932இல் போட்ட கொட்டை. கீட்: ஹோம்ஸ்டெட் ஊரில் திருமதி கீட்டின் இடத்தில் 1939இல் முளைத்தது. இதையும் முல்கோபாவின் பிள்ளை என்றுதான் ரொம்ப நாள் எழுதிவைத்திருந்தார்கள். மரபணுச் சோதனை வேறு சொன்னது. கென்ட், கீட் இரண்டுக்குமே அம்மா புரூக்ஸ் என்ற ரகம். அந்த புரூக்ஸின் அம்மா சாண்டர்ஷா. சாண்டர்ஷா என்றால் யாரோ இல்லீங்க, தோத்தாபுரிக்கு இன்னொரு பெயர். அதாவது பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் போட்டு விற்பார்களே, அந்தக் கிளிமூக்கு மாங்காய். கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போவதும் அதுதான். பெரு நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கென்ட் பழத்துக்குள் நம்ம கிளிமூக்கின் ரத்தம் ஓடுகிறது.

இப்போ டாமி அட்கின்ஸுக்கு வரலாம். ஃபோர்ட் லாடர்டேல் பக்கத்தில் தாமஸ் அட்கின்ஸ் என்பவரின் இடத்தில் 1920களில் போட்ட ஹேடன் கொட்டையிலிருந்து வந்த மரம். 1950களில் அட்கின்ஸ் தன் பழத்தை ஃப்ளோரிடா மாம்பழ மன்றத்துக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பினார். ருசி சுமார், நார் அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டார்கள். ருசி பார்த்தவர்களின் தீர்ப்பில் தப்பே இல்லை. இன்றைக்கு நாம் சொல்வதைத்தான் அவர்கள் அன்றைக்கே சொன்னார்கள்.

ஆனால் தோட்டக்காரர்களின் கணக்கு வேறு. வருஷம் தவறாமல் காய்க்கும். பூவையும் பழத்தையும் கருக்கிவிடுகிற ஆந்த்ராக்னோஸ் நோயை ஹேடனைவிட நன்றாகத் தாங்கும். தோல் தடிப்பு, பெட்டியில் அடுக்கினால் நசுங்காது. நிறம் கண்ணைப் பறிக்கும். பறித்த பிறகு நிறைய நாள் கெடாமல் இருக்கும். இது போதாதா? மன்றம் தள்ளின பழத்தைச் சந்தை தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அப்படி ஒரு பழம் படுகிற பாட்டையும் சொல்லணும். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் மாம்பழங்கள், பழ ஈயின் புழுவைக் கொல்வதற்காக, 46 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரத்துக்கு மேல் முக்கி வைக்கப்படுகின்றன. காயாகப் பறித்து, வெந்நீரில் போட்டு, குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் பயணம். இதையெல்லாம் தாங்குகிற பழமாகத்தான் தேடுவார்கள். மல்கோவாவை அந்த வெந்நீரில் நினைத்துப் பாருங்கள்!

அப்போ கொல்லையில் என்ன வைப்பது?

எனக்குத் தோன்றும் பதில்: கொல்லையில் மரம் வைப்பவருக்கு டாமி அட்கின்ஸின் கவலை ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் பழம் பயணிக்க வேண்டிய தூரம் மரத்திலிருந்து அடுக்களை வரை. தோல் மெல்லிசாக இருந்தால் என்ன, நாலு நாளில் அழுகினால்தான் என்ன? அப்படியிருந்தும் நிறைய பேர் நர்சரிக்குப் போய், கடையில் பார்த்துப் பழகின பெயரைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வியாபாரி தனக்காகத் தேர்ந்தெடுத்த மரத்துக்கு நாம் வீட்டில் தண்ணீர் ஊற்றுவானேன்?

இதற்கு நேர் எதிர் உதாரணமும் ஃப்ளோரிடாவிலேயே இருக்கு. டெல்ரே பீச் ஊரில் லாரன்ஸ் ஜில் என்பவர் 1940இல் போட்ட கொட்டையிலிருந்து வந்த ரகம் கேரி. அவருடைய அம்மாவின் பெயர். நாரே இல்லை, மணம் தூக்கும். ஆனால் பழம் ரொம்ப மிருது, தோலிலும் நிறம் கிடையாது. அதனால் கடைக்கு வரவே வராது. ஃப்ளோரிடாவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இன்றைக்கும் கேட்டு வாங்கும் மரம் அது. மரமும் அளவாக வளரும்.

அளவு முக்கியம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது தெற்கு ஃப்ளோரிடாவின் மாந்தோப்புகளில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. அங்கே இன்றைக்கு வீட்டு மரத்தை வருஷா வருஷம் கவாத்து செய்து 15 அடிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். காற்றுக்கும் தாங்கும், ஏணி இல்லாமல் பறிக்கலாம், மருந்தடிப்பதும் சுலபம். கஜா புயலில் தோப்பை இழந்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இடம் பார்ப்பதும் ருசி பார்ப்பது மாதிரிதான், அவசரம் கூடாது. நாள் முழுக்க வெயில் விழணும். வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 25 அடியாவது தள்ளி இருப்பது நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. மயாமியில் தொட்டியின் அகலத்தைப் போல மூணு நாலு மடங்கு அகலமாகக் குழி எடுக்கச் சொல்வது அங்கே பாறை இருப்பதால். நம்ம கரிசலில் கவலை வேறு, மழைக்காலத்தில் தண்ணீர் வடியுமா என்று பார்க்கணும். பூக்கிற சமயத்தில் பனியும் ஈரமும் அதிகமுள்ள ஊரா? அப்படியானால் ஆந்த்ராக்னோஸ் தாங்குமா என்று கேட்காமல் ரகம் வாங்காதீர்கள். ஹேடன் அவ்வளவு ருசி இருந்தும் தோப்புகளில் பின்தங்கினதற்கு இந்த நோயும் ஒரு காரணம்.

சின்ன இடம், வருஷா வருஷம் காய்க்கணும் என்றால் நீலத்தின் வம்சத்தைப் பார்க்கலாம். நீலத்தையும் வட இந்தியாவின் தஷேரியையும் கலந்து டெல்லியில் உருவாக்கிய மல்லிகா, ஆம்ரபாலி இரண்டும் அடக்கமான மரங்கள். மல்லிகா ஃப்ளோரிடாவின் வீட்டுத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முல்கோபா போன அதே பாதையில், நூறு வருஷம் கழித்து.

ஒட்டுக்கன்றா, கொட்டையா என்று கேட்டால், தேவையான பழம் இதுதான் என்று தெரிந்தவர்களுக்கு ஒட்டுக்கன்றுதான். மூணு முதல் அஞ்சு வருஷத்தில் காய்க்கும், என்ன பழம் என்பதும் முன்பே தெரியும். கொட்டை போட்டால் ஏழெட்டு வருஷம் காத்திருக்கணும், கடைசியில் ஊறுகாய்க்கு மட்டும் ஆகிற காயும் வரலாம். பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஹேடன் போட்ட டஜன்களிலும் பேர் எடுத்தது ஒரே ஒரு மரம்தான்.

ஆனாலும் வியாபாரத் தோப்பு வைத்திருப்பவரால் செய்ய முடியாத காரியம் இது. எட்டு வருஷம் வருமானம் இல்லாமல் ஒரு அடையாளம் தெரியாத மரத்துக்கு அவரால் நிலம் ஒதுக்க முடியாது. ஃப்ளாரன்ஸ் ஹேடனால் முடிந்தது, ஏனென்றால் அது வீட்டு மரம். முதல் இடத்தில் ஒரு நல்ல ஒட்டுக்கன்றை வையுங்கள். மூலையில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால், இந்த ஆனி ஆடியில் சாப்பிட்டதிலேயே உங்களுக்குப் பிடித்த பழத்தின் கொட்டையைக் காயவிடாமல் அப்படியே போட்டுவையுங்கள்.