ஊர் இருந்த இடம்

கிரேக்க நாட்டின் எபிரஸ் மலைப்பகுதியில் சாகோரி எனப்படும் சிற்றூர்கள் உள்ளன. கல்லால் கட்டிய வீடுகளும் கல்வளைவுப் பாலங்களும் நிறைந்த அந்நிலப்பரப்பை 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அம்மலைப் பாதைகளில் பயணிகள் மிதிவண்டியில் செல்கின்றனர். வழிகாட்டி முன்னே சென்று, ஊர்தோறும் நின்று, அதன் வரலாற்றைச் சொல்கிறார். ஊர் இருப்பதால் கதையும் நிலைக்கிறது. ஊரே இல்லாத இடத்தில் வழிகாட்டி எதைக் காட்டுவார்? நெய்வேலியில் வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று.

ஒரு ஞாயிறு பிற்பகல், பங்கு இளைஞரோடு நகரியத்திலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டோம். முன்னே சென்றவர் எழுபது வயது கடந்த பெரியவர். நிழல் செறிந்த வட்டங்களைத் தாண்டியதும், தொலைவில் குன்றுகள் தெரிந்தன. சமவெளியான இவ்வட்டாரத்தில் குன்றேது? அவை சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகள். பெரியவர் வண்டியை நிறுத்தி, "அந்த மேட்டுக்கு அடியிலதான் தம்பி, எங்க ஊர்க் குளம் கிடக்குது" என்றார். பிறகு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இளைஞர் எவரும் பேசவில்லை.

வரலாறு நாமறிந்ததே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் மேலே வந்தது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் துணையுடன் முதல் மின்பொறி இயங்கியது. தமிழகத்தின் இருள் அகன்றது. பல்லாயிரம் குடும்பங்கள் உலை வைத்தன. ஆனால் சுரங்கம் விரிய விரியச் சிற்றூர்கள் ஒவ்வொன்றாக அகன்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது.

அன்று மாலை வடலூருக்கும் சென்றோம். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அச்சாலைக்கு ஏறத்தாழ எண்பது காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர். அருகருகே இரு நெருப்புகள். இரண்டும் மக்களின் நிலத்தில் எரிபவை. இரண்டும் பிறர் பசி தீர்ப்பவை. ஒன்றுக்கு நிலம் கொடுக்கப்பட்டது, மற்றொன்றுக்கு எடுக்கப்பட்டது. கொடுத்தவர் பெயரை வடலூர் மறக்கவில்லை. இழந்தவர் ஊரின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கிறோமா?

இது நம் ஊரின் துயரம் மட்டுமன்று. அதே கிரேக்க நாட்டில், மேற்கு மாசிதோனியாவிலும் பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் பெயர்க்கப்பட்டன. கார்தியா அவற்றுள் ஒன்று. அவ்வூரின் பெயரை ஓர் அனல்மின் நிலையம் தாங்கியது. அந்நிலையமும் 2021-இல் நிறுத்தப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்ந்தது. உலைகளுக்கும் ஆயுள் உண்டு. அவை ஓய்ந்தாலும் ஊர் திரும்பி வருவதில்லை.

யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நம் பங்கு மக்களுள் பலர் இச்சுரங்கத்தால் வாழ்வோர். நாம் மறையுரை எழுதுவதும் இம்மின்விளக்கின் ஒளியில்தான். ஆதலின் கடன் நம்முடையதும் ஆகும். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினால், பெற்றோர் பெயரை அடுத்து ஊர்ப் பெயர் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அவ்வூர்களுள் சில இன்று அந்த ஏட்டில் மட்டுமே உள்ளன. அவற்றைத் தொகுத்து எழுதும் பணியை இளைஞரிடம் ஒப்படைத்திருக்கிறோம். தெருக்களின் பெயரைச் சொல்ல அப்பெரியவர் இசைந்துள்ளார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.