கண்ணாடிப் பெட்டிக்குள் வெற்றிலைக்கொடி

சிகாகோ புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று குளிர்காலங்களில் மூன்று வெற்றிலைக்கொடிகளைக் கொன்றிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு கணு வாங்கி வந்து நடுவேன். செப்டம்பர் வரை தளதளவென்று ஏறும். நவம்பரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் இலை விளிம்பு காயும், தளிர் விரியாமலே கருகும். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். வேர் அழுகிவிடும்.

மூன்றாவதும் போன பிறகுதான் இன்ஜினியர் புத்தி வேலை செய்தது. நானூறு வரி கோடில் பிழை என்றால் முதலில் லாக் பார்ப்பவன், செடிக்கு மட்டும் ஏன் குத்துமதிப்பாக வைத்தியம் பார்த்தேன்? ஒரு சென்சாரை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். ஜனவரியில் ஈரப்பதம் 17 சதவீதம் காட்டியது.

கணக்கு எளிது. வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று, ஈரமாக இருந்தாலும், ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் நீராவிதான் தாங்கும். அதையே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்குப் பதினெட்டு கிராம் வரை கொள்ளளவு வந்துவிடுகிறது. நீராவியோ அதே இரண்டு கிராம். அந்தக் காற்று கிடைத்த இடத்திலெல்லாம் ஈரத்தை உறிஞ்சும், நம் உதட்டிலிருந்தும் இலையிலிருந்தும்.

ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கிராஃப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்ததற்கு கிராஃப் அசையவே இல்லை. ஹியூமிடிஃபயர் வாங்கினேன். அது 45 வரை ஏற்றியது, ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து சட்டத்தில் கரும்பூஞ்சை பிடித்தது. குழாய் நீரின் உப்பு வெள்ளைத் தூசியாக டிவி மேல் படிந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஹியூமிடிஃபயர் மட்டும் கராஜுக்குப் போனது.

வீட்டை மாற்ற முடியாது, செடியைச் சுற்றியிருக்கும் காற்றை மட்டும் மாற்றலாம் என்று தேடியபோதுதான் நதானியேல் பாக்ஷா வார்டிடம் வந்து சேர்ந்தேன். லண்டனின் கிழக்குப் பகுதியில், வெல்கிளோஸ் சதுக்கத்தில் வைத்தியம் பார்த்தவர். பெரணிப் பைத்தியம். வீட்டுப் பின்புறம் கல் அடுக்கி, மேலே குழாய் வைத்துச் சொட்டவிட்டு வளர்த்தார். நிலக்கரிப் புகையில் அத்தனையும் செத்தன. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு வாய் அகன்ற கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைத்தார். பூச்சிக்காக வைத்த புட்டியில் பெரணி முளைத்தது, கூடவே ஒரு புல். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதைப் பார்த்தார். ஏறக்குறைய நான்கு வருடம் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மூடி துருப்பிடித்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகுதான் செத்தது.

அன்றைக்குக் கப்பலில் செடி கொண்டுபோவது சூதாட்டம். உப்புக்காற்று ஒரு பக்கம், குடிக்கவே ரேஷனில் தரும் நன்னீர் மறு பக்கம். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோடு போய்ச் சேர ஆயிரம் சாகிறது என்று மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் எழுதினார். வார்ட் 1833 ஜூனில் பெரணிகளும் புற்களும் வைத்த இரண்டு பெட்டிகளை கேப்டன் சார்ல்ஸ் மல்லார்டின் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். இரண்டு மூன்று பெரணிகள் தவிர எல்லாம் பிழைத்தன. அங்கே 1834 பிப்ரவரியில் ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பித் திருப்பியனுப்பினார்கள். கேப் ஹார்ன் முனையில் மைனஸ் 7 டிகிரி, மேல்தளத்தில் பனி. பூமத்தியரேகையில் 49 டிகிரி. எட்டு மாதம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. லண்டனில் திறந்தபோது செடிகள் பச்சையாக இருந்தன. முன்பு இருபதில் பத்தொன்பது சாகும், இப்போது இருபதில் பத்தொன்பது பிழைக்கிறது என்று ஹாக்னியின் நர்சரிக்காரர் ஜார்ஜ் லாடிஜஸ் கணக்குச் சொன்னார்.

பெட்டி முழுக்கக் காற்றடைப்பானது அல்ல. இடுக்குகளில் காற்று மெதுவாகப் போய்வரும் என்று வார்டே சொல்லியிருக்கிறார். இதைக் கவனிக்காமல் நான் நான்காவது கொடியை டேப் போட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தேன். 98 சதவீதம்! ஒரே வாரத்தில் பூஞ்சை.

இதை வெறும் தோட்டக்கலைக் கதையாகப் படித்துக்கொண்டிருந்தவன், பெட்டியின் அடுத்த பயணங்களுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சரிவுக்குக் கொண்டுவந்தது இதில்தான். சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கமும் இதையே நம்பினார். செங்கடல் வெக்கையைத் தாண்டி ஊட்டி வந்த அவருடைய கன்றுகள் பிழைக்கவில்லை. விதைகள்தான் கைகொடுத்தன. 1876இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் 1,919 கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு. பிற்பாடு மலாயா ரப்பர் என்று உலகம் சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்த வம்சம்தான்.

என் அப்பத்தா சோழவந்தான் பக்கம். அவருடைய மூத்த அண்ணன் கங்காணி பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். இரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் இல்லை. தமிழ்க் கூலிகள் பயணம் செய்தது மேல்தளத்தில், வெயிலிலும் மழையிலும். கன்றுகளை எண்ணி எழுதிவைத்திருக்கிறார்கள், 1,919 என்று கடைசி இலக்கம் வரை. பெரிய தாத்தாவின் பெயரைக் கிடைத்த கப்பல் பட்டியல்களில் இரண்டு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை.

அவர்களுடையது கொடிக்கால் வைத்த குடும்பம். சின்ன வயதில் ஒருதரம் போயிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். முதலில் அகத்தி விதைத்து, அது நிழல் கட்டிய பிறகு கொடியை நட்டு, வாழைநாரால் அகத்தியோடு கட்டுவது முறை. நடுவில் வாய்க்கால். வெளியே மே மாத வெயில் கொளுத்தும்போது உள்ளே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் படும். வெளிச்சம் குறைந்தால் அகத்தியைக் கழிப்பார்கள். கண்ணாடி இல்லை, சுவர் இல்லை. வங்காளத்தில் சணல்குச்சியும் மூங்கிலும் வைத்துச் சுவரும் கூரையுமாகவே வெற்றிலைக்கு வீடு கட்டுகிறார்கள். வார்டுக்கு முன்னாடியே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. கொடிக்காலைக் கப்பலில் ஏற்ற முடியாது. வார்டின் பெட்டியை ஏற்ற முடிந்தது, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இப்போது இருப்பது ஐந்தாவது கொடி. பழைய மீன் தொட்டியைக் குத்தாக நிறுத்தி, ஒரு விரல் இடுக்கு விட்டு, கீழே ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன். ஈரப்பதம் 70இலிருந்து 80க்குள் நிற்கிறது. பிப்ரவரியில் புது இலை விரிந்ததை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"என்னடா, கொடிய மீன் தொட்டிக்குள்ள போட்டு வச்சிருக்க? காரம் இருக்கா பாரு."

பாதி இலையைக் கிள்ளி மென்றேன். காரமே இல்லை, புல் மாதிரி இருந்தது. சொன்னேன்.

"வெயிலே படாம காரம் எங்கருந்து வரும்," என்றாள் அம்மா.