ஏழரைக் கோடிக் குச்சிகள்

ஒரே படம், ஒரே நிறம், ஒரே அச்சு. கீழே பொடி எழுத்தில் மட்டும் மூன்று வெவ்வேறு தீப்பெட்டி ஆபீஸ்களின் பெயர். சாத்தூர்ப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். இருக்கன்குடியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய லேபில் கட்டில் இதைக் கண்டேன். போலிச் சரக்காக இருக்க முடியாது. போலி அடிப்பவன் அசல்காரரின் பெயரையும் சேர்த்தே அடிப்பான். அந்த வீட்டில் பல வருஷம் கட்டை அடுக்கிய, அதாவது குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிய, அம்மாவிடம் கேட்டேன். "ஆபீஸ் பேரு மாறும் தம்பி. கட்டையும் கணக்கப்பிள்ளையும் மாறாது" என்றார்.

இந்த வார்த்தைக்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்பதே என் தேடல்.

முதலில் லேபிலின் வயது தெரிய வேண்டும். முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தது. 1985-ல் மாவட்டம் பிரிந்து இந்தப் பகுதி காமராசர் மாவட்டமானது, ஆகவே அதற்கு முந்தியது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில். அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. அது 1972 ஆகஸ்டில்தான் அறிமுகமானது. ஆக, மூன்று லேபில்களும் பெரும்பாலும் 1969-க்கும் 1972-க்கும் இடையில் அச்சானவை. அந்தக் காலத்தையொட்டித் தீப்பெட்டித் தொழிலில் என்ன நடந்தது?

சிவகாசி பற்றிய பாராட்டு மலர்கள் இதற்கு உதவவில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்ததையும், ஜெர்மன் இயந்திரம் வாங்கிப் பிறகு கைத்தொழிலுக்கு மாறியதையும், தனித்தனியே பிரிந்து ஒருவர் அணில், மற்றவர் காக்கா என்று முத்திரை வளர்த்ததையும் அவை சொல்கின்றன. உழைப்பால் உயர்ந்தார்கள் என்று முடிக்கின்றன. உழைத்தார்கள், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எதிரே நின்றது யார் என்று பார்க்க வேண்டும்.

ஸ்வீடனின் இவார் குரூகர். அரசுகளுக்குக் கடன் கொடுத்து, கைம்மாறாக அந்நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கிக்கொண்டவர். 1922-ல் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டதும், அவருடைய நிறுவனம் வரிச் சுவரின் உள்ளே வந்து உட்கார்ந்தது. 1923-ல் விம்கோ பிறந்தது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை என்று இயந்திர ஆலைகள் எழுந்தன. 1928-ல் வரி வாரியம் இந்தத் தொழிலை விசாரித்து அறிக்கை தந்தபோது, ஸ்வீடன்காரரின் பலமே அதன் பெரிய கேள்வியாக இருந்தது. இவ்வளவு பெரிய கம்பெனியைக் கையால் குச்சி அடுக்குகிற ஊர்கள் எப்படித் தாண்டின? கூலி மலிவு என்ற பதில் பாதிதான். மூன்று லேபில் மர்மத்துக்கு அதில் விடை இல்லை.

விடை கலால் வரியில் இருந்தது. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பெட்டிக்குப் பெட்டி பேண்ட்ரோல் என்ற வரிச்சீட்டை ஒட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பின், ஆலையின் உற்பத்தி அளவைப் பார்த்து அ, ஆ, இ, ஈ என்று வகை பிரித்து, சிறியவருக்குக் குறைந்த வரி வைத்தார்கள். 1967-ல் அந்த வகைப்பாடு மாறி, இயந்திரம் உள்ளது, இல்லாதது என்றானது. கையால் செய்பவர்களிலும், ஒரு நிதியாண்டில் ஏழரைக் கோடிக் குச்சிக்கு மேல் போகாது என்று எழுதிக் கொடுத்தவருக்குச் சலுகை.

ஐம்பது குச்சிப் பெட்டி என்று கணக்குப் போட்டால் பதினைந்து லட்சம் பெட்டி, சுமார் 10,400 குரோஸ். ஒரு நல்ல முத்திரைக்கு இந்த அளவு போதவே போதாது. கோட்டைத் தாண்டினால் சலுகை போகும். என்ன செய்வார்கள்? தம்பி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று.

இது என் ஊகமாக மட்டும் நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மதுரையில் ஒரு வழக்கறிஞரின் அலமாரியில் 1974-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியைப் புரட்டியபோது பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் வழக்கு கண்ணில் பட்டது. 1967 செப்டம்பர் 4-ல் அரசு இன்னோர் அறிவிக்கை வெளியிட்டது: அந்தத் தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் முதன்மையாகச் சலுகை. இந்த நிறுவனம் உரிமம் கேட்டு விண்ணப்பித்த நாள் செப்டம்பர் 5. ஒரே ஒரு நாள்! உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம். நீதிபதி மாத்யூ சொன்ன காரணத்தைப் படித்தபோது கை நின்றுவிட்டது: பெரிய ஆபீஸ்கள் சலுகைக்காகத் தம்மைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதைத் தடுக்கத்தான் அந்தத் தேதி. இருக்கன்குடி அம்மா சொன்னதை அரசும் நீதிமன்றமும் அப்போதே அறிந்திருந்தன.

இந்த உத்தியை இன்றைய சிப் தொழிலோடு வைத்துப் பார்க்க ஆசை. 1987-ல் தைவானில் மோரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி, தன் பெயரில் சிப் விற்பதில்லை; மற்றவர் வடிவமைப்பதைச் செய்து கொடுக்கும். என்விடியாவுக்குச் சொந்த ஆலை கிடையாது. அங்கே ஆலை கட்டும் செலவு மலையளவு என்பதால் செய்கிற இடம் சிலவற்றில் குவிந்தது, முத்திரைகள் பலவாயின. இங்கே வரிக்கோடு சிறிய அளவுக்குப் பரிசு கொடுத்ததால் முத்திரை ஒன்றாக நின்றது, செய்கிற இடம் சிதறியது. கடைசியில் ஐடிசி 2002-ல் சிறு ஆபீஸ்களில் செய்த தீப்பெட்டிகளைத் தன் முத்திரையில் விற்கத் தொடங்கியது. 2005-ல் விம்கோவையே வாங்கியது. குரூகரின் வாரிசு விலைபோனார், சிவகாசி முறை நிலைத்தது. வியாபார உத்தி என்ற அளவில் இதற்கு இணையாக இந்தியாவில் அதிகம் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் சிதறலின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேருக்குக் குறைந்தால் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டவில்லை. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்குப் போனது, கூடவே பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் என்று முதலாளி கட்ட வேண்டும் என்றது. ஒரு படத்துக்கு மூன்று ஆபீஸ் பெயர் இருக்கிற ஊரில், எந்த முதலாளி?