காய்ச்சிப் பார்த்த சிறுநீர்

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடரின் கதை வேலூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. எத்தனையோ தடவை கேட்ட கதை. லண்டனில் 1843-ல் நடந்த ஒன்றைப் படித்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கரு போலத் திரிந்தது. அல்புமின் என்ற புரதம். பிரசவத்துக்குப் பின் அது மறைந்துபோனது. அப்படியானால் இது பழைய சிறுநீரக நோய் அல்ல, கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போவது. இன்று பிரீஎக்லாம்சியா என்கிறோமே, அதற்குக் கிடைத்த முதல் ரசாயன அடையாளம் இது. தேவைப்பட்டது ஒரு குழாயும் ஒரு விளக்கும். ரத்த அழுத்தம் அளக்க ரிவா-ரோச்சி கைப்பட்டை செய்ததே 1896-ல்தான்.

ஆக, திண்டிவனத்து இரவில் அந்தச் சோதனைக்கு வயது ஐம்பதை ஒட்டி. இங்கே இல்லாமல் போனது அறிவு இல்லைங்க, வீட்டுக்குள் நுழைந்து அந்தச் சிறுநீரை வாங்கிக் காய்ச்ச ஒரு பெண். ஐடா 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் இந்த நோயறிதலின் வரலாற்றில்தான் நான் சேர்ப்பேன்.

அடுத்த பெரிய அடையாளத்துக்கு 160 வருஷம் ஆனது. இடையில் இதை 'டாக்ஸீமியா', அதாவது ரத்தத்தில் விஷம் என்று அழைத்தார்கள். எந்த விஷம் என்றுதான் பிடிபடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியும் அவருடைய பாஸ்டன் குழுவும் 2003-ல் ஒன்றைக் காட்டினார்கள். நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் விடுகிறது. ரத்தக்குழாய்களைக் காக்கும் பிஎல்ஜிஎஃப் போன்ற புரதங்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. கர்ப்பமான எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. தமிழில் அதற்கு நஞ்சு என்றே பேர் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் சிரித்துவிட்டேன். இரண்டு புரதங்களின் விகிதம் 38-ஐத் தாண்டாவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் பயமில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 2023-ல் இந்த வகைச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏழாம் மாதத்தில் கால் வீங்கினால் 'நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வீங்காம என்ன பண்ணும்' என்பார்கள். தலைவலி வந்தால் பசை வாசனை. செக்கப்புக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த விகிதச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டைக்குச் சில ரூபாய் போதும். அதுவும் கைவசம் இல்லாதபோது செய்ய, கிராமச் செவிலியர் பயிற்சியில் இன்னும் சொல்லித் தருகிறார்கள்: குழாயில் முக்கால் பங்கு சிறுநீர், மேல்பாகத்தை மட்டும் விளக்கில் காட்டு, வெள்ளையாகக் கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விடு, அப்போதும் கலங்கல் போகவில்லையென்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.