ரிஷிகேஷைத் தொலைத்த பாட்டு

பொங்கல் லீவில் பேரன் வந்திருந்தான். சாயங்காலம் இருவரும் ஜேடர்பாளையம் அணைப்பக்கம் போய்க் காவிரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். "தாத்தா, இந்தப் பாட்டு தெரியுதா பாருங்க" என்று போனைக் காதருகே நீட்டினான். மெட்டை உடனே பிடித்துவிட்டேன். வார்த்தைகள்தான் வேறாக இருந்தன. எனக்குத் தெரிந்தது ஜான் லெனன் 1971இல் 'இமாஜின்' இசைத்தட்டில் பாடிய 'ஜெலஸ் கை'. இதிலோ ரிஷிகேஷ் என்று காதில் விழுந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன்; அந்த நாளில் இங்கிலீஷ் அரைகுறைதான். பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் வீட்டில்தான் அந்தத் தட்டைக் கேட்டேன். பிரெஞ்சில் 'ஜலூ' என்றால் பொறாமைக்காரன். தலைப்பு அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

காவிரிக்கரைக் கதைகளுக்கு நடுவே வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். இது கங்கைக்கரையில் பிறந்த பாட்டு.

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் கற்க ரிஷிகேஷ் வந்தார்கள். ரிங்கோ ஸ்டாருக்கு வயிறு சரியில்லாத உடம்பு. அவித்த பீன்ஸ் டப்பாக்களைப் பெட்டியில் கொண்டுவந்தவர், பத்து நாள் சுமாரில் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் தங்கினார்கள், பாட்டுகள் எழுதிக் குவித்தார்கள். மகரிஷி இயற்கையைப் பற்றிப் பேசிய ஒரு சொற்பொழிவைக் கேட்டு இருவர் ஆளுக்கொரு பாட்டு எழுதினார்கள். பால் மெக்கார்ட்னி எழுதியது 'மதர் நேச்சர்ஸ் சன்'. லெனன் எழுதியது 'சைல்ட் ஆஃப் நேச்சர்'.

பிறகு வந்தது மனக்கசப்பு. மகரிஷியைப் பற்றி ஆசிரமத்தில் ஏதோ வதந்தி கிளம்பியது. லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரலில் வெளியேறினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று ஹாரிசன் பிற்காலத்தில் சொன்னார். லெனன் கோபத்தில் மகரிஷியைத் திட்டியே ஒரு பாட்டு எழுதி, பின்னர் பெயரை மட்டும் மாற்றி 'செக்ஸி சேடி' ஆக்கினார்.

மே மாதம் இங்கிலாந்தில், ஈஷரில் ஹாரிசன் வீட்டில் கூடி, புதுப் பாட்டுகளை டேப்பில் பாடிப் பதிந்து வைத்தார்கள். 'சைல்ட் ஆஃப் நேச்சர்' அதில் இருந்தது. நவம்பர் 22இல் 'வொயிட் ஆல்பம்' வந்தபோது இல்லை. இரண்டு தட்டு, 30 பாட்டு, மெக்கார்ட்னியின் பாட்டுக்கு இடம் உண்டு, திட்டிய பாட்டுக்கும் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. இடம் போதாமல் விட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. குருவிடம் மனம் முறிந்தவர் குருவின் பேச்சில் பிறந்த பாட்டை எந்த முகத்தோடு பாடுவார்?

ஆனால் மெட்டை விட மனம் வரவில்லை. 1969 ஜனவரி ஒத்திகையில் ரிஷிகேஷை எடுத்துவிட்டு மராகேஷ் என்று பாடிப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. 1971இல் அதே மெட்டு, பொறாமைப்பட்டவன் மன்னிப்புக் கேட்கும் பாட்டாயிற்று. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று தலையில் போட்டிருப்பார்கள். லெனன் அப்படி எதுவும் போடவில்லை.

நமக்கும் இதுபோல் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் இருந்த 'புத்தம் புது காலை' படத்தில் இல்லை. ஆனால் ரேடியோவில் கேட்டே ஊர் முழுக்கப் பாடியது. லெனன் பாட்டுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பெரும்பாலும் திருட்டுப் பதிவு தேடிப் பிடித்தவர்கள்தான் கேட்டார்கள்.

நானும் ஒருமுறை இப்படிச் செய்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வழியனுப்பு விழா என்றால் வாழ்த்து மடல் எழுதுவது என் வேலை. ஓர் அதிகாரிக்கு உண்மையான பிரியத்தோடு எழுதி வைத்திருந்தேன். விழாவுக்கு முந்தின வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. அவர் வேலைதான் என்று யாரோ சொல்ல, அவருக்கு நாலு வரியில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மடலை அடுத்தவருக்குப் பெயர் மாற்றி வாசித்தேன். பலமான கைதட்டல். மெமோவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

லெனன் 1980இல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகரிஷி 2008இல் காலமானார். 'வொயிட் ஆல்பம்' ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், 2018 நவம்பரில், ஈஷர் டேப் முறைப்படி வெளியாயிற்று. பேரன் எனக்குப் போட்டுக் காட்டியது அதைத்தான். இருட்டும்வரை மூன்று தடவை கேட்டோம்.

அந்த மடலின் முதல் பிரதி, அவர் பெயரோடு, என் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.