எந்தக் கருவிக்கு எவ்வளவு? - இசை கேட்போரின் பழைய வழக்கு

வீட்டில் நல்ல இசை கேட்கவேண்டும் என்று தனித்தனிக் கருவிகளை வாங்கிச் சேர்க்க முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். கையிருப்போ கொஞ்சம். அதில் ஸ்பீக்கருக்கு எவ்வளவு, ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு, இசைத்தட்டைச் சுழற்றும் கருவிக்கு எவ்வளவு? கடைக்காரர் ஒரு விடை சொல்வார். நண்பர் அதற்கு நேரெதிராகச் சொல்வார். இவ்விரு விடைகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. அதை அறிந்தவர் பணத்தையும் ஓரளவு காத்துக்கொள்ளலாம் என்பதால் சற்றே விரிவாகக் காண்போம்.

1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலாக இசை. பழைய தட்டுகளின் இரைச்சலும் பெரிதும் அடங்கியது. ஆனால் தட்டில் இருந்த ஒலியை முழுமையாக வெளிக்கொணர ஸ்பீக்கர்களால் இயலவில்லை. தாழ்ந்த சுருதிகள் தெளிவாக ஒலிக்கவேண்டுமெனில் பெட்டி பீரோ அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதே அன்றைய நிலை. சிறு வீட்டில் வாழ்பவருக்குப் பணமும் போதாது, இடமும் போதாது.

இந்நிலையை மாற்றியவர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிமீட்பு குறித்துப் பாடம் நடத்திவந்த எட்கர் வில்ச்சூர். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்புகிறது. அதை நடுநிலைக்கு இழுத்துவரும் பிடிப்பு, அசைவு பெரிதாகும்போது சீர் தவறுகிறது. தாழ்ந்த சுருதியில் அசைவு பெரிது என்பதால் அங்கேதான் ஒலி சிதைகிறது. வில்ச்சூர் அந்தப் பிடிப்பைத் தளர்த்தி, கூம்பைக் காற்றுப் புகாத சிறு பெட்டியில் பொருத்தினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக நின்று கூம்பைச் சீராக இழுத்தது. தம் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்யூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்னும் ஸ்பீக்கரை 185 டாலர் விலையில் விற்றார். பீரோ செய்த வேலையை அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டி செய்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. இவ்வகை ஸ்பீக்கர் அதே ஒலியளவைத் தர அதிக வாட் கேட்கும். அந்தக் குறையைத் தீர்க்க உதவியவர்களுள் ஒருவர் பிலடெல்பியாவின் டேவிட் ஹாஃப்லர். அவரது டைனகோ நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த ஸ்டீரியோ 70, ஒரு சானலுக்கு 35 வாட் தரும் வால்வு ஆம்ப்ளிஃபையர். உதிரிப் பாகங்களாக ஏறத்தாழ 100 டாலருக்குக் கிடைத்தது. வாங்கியவர் வீட்டில் அமர்ந்து சால்டரிங் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். பணம் இல்லாதவர் தம் உழைப்பால் ஈடுகட்டினார்.

1961-ல் வில்ச்சூர் 58 டாலருக்கு ஒரு டர்ன்டேபிளும் வெளியிட்டார். தட்டும் ஊசிக்கையும் ஒரே பலகையில் அமர, அப்பலகை ஸ்பிரிங்குகளில் தொங்கியது. பெல்ட் ஒன்று அமைதியாகச் சுழற்றியது. சீராகச் சுழல்வதும் அதிர்வைத் தடுப்பதும்தான் சுழலியின் கடமை, அதைக் குறைந்த செலவிலேயே செய்துவிடலாம், பெரும்பிழை ஸ்பீக்கரில்தான் என்பதே அவர் அணுகுமுறை எனலாம். ஸ்பீக்கருக்கே பெரும்பங்கு என்ற முதல் விடை இவ்வாறு வலுப்பெற்றது.

இரண்டாம் விடை 1970-களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. கிளாஸ்கோவைச் சேர்ந்த ஐவர் டீஃபன்புருன், லின் சோண்டெக் எல்.பி.12 என்ற டர்ன்டேபிளை முன்வைத்து, மூலக்கருவிக்கே முதலிடம் என்று வாதிட்டார். தட்டின் பள்ளத்திலிருந்து எடுக்கத் தவறியதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்பது அவர் தருக்கம். மறுக்க இயலாத தருக்கம்தான். அவரது சுழலியும் ஸ்பிரிங்கில் தொங்கும் பலகையைக் கொண்டதே. 58 டாலர் ஏ.ஆர். சுழலியின் சாயலை அதில் காணலாம். 1978-ல் என்.ஏ.டி. நிறுவனம் வெளியிட்ட 3020 என்னும் 20 வாட் ஆம்ப்ளிஃபையர், எளியவரும் தனித்தனிக் கருவிகள் வாங்கலாம் என்ற நிலையை விரிவாக்கியது.

1982-ல் ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 விற்பனைக்கு வந்தபோது வழக்கின் அடிப்படையே மாறியது. அதன் விலை 1,68,000 யென் என்பது உண்மையே. எனினும் குறுந்தட்டில் ஒலியின் காலஒழுங்கைக் காப்பது படிக அலைவி. மோட்டாரின் நடுக்கம் இசையைத் தொடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல விலை வீழ்ந்தது, மலிவான கருவியும் குறைவற்ற மூலமாயிற்று. அதே 1980-களில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து ஒலிக்கச்செய்து கேட்பவரை மதிப்பிடச் சொன்னார். பெயரும் விலையும் தெரியாதபோது, சுருதிகளை ஏற்றத்தாழ்வின்றித் தரும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்பினர்.

ஆக, இரு விடைகளும் தத்தம் காலத்தில் பொருளுடையவையே. பிழை எங்கே மிகுதியோ அங்கே பணத்தை இடவேண்டும் என்பதே இரண்டுக்கும் பொது விதி; தொழில்நுட்பம் மாறும்போது பிழையின் இடமும் மாறுகிறது. இன்று பிழை மிகுந்திருப்பது ஸ்பீக்கரிலும் அது ஒலிக்கும் அறையிலும். கையிருப்பில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குவதே முறை என்பது நம் கருத்து. வாங்கும்முன் அதன் உணர்திறன் அளவைப் பார்க்கவேண்டும். 3 டெசிபல் குறைந்தால் அதே ஒலியளவுக்கு இருமடங்கு வாட் தேவைப்படும். இயன்றால் சொந்த அறையில் ஒலிக்கவைத்துக் கேட்டபின் முடிவு செய்யலாம். இசைத்தட்டை விடாதவர்கள் மட்டும் கார்ட்ரிட்ஜுக்கும் ஊசிக்கும் ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டும்.

வில்ச்சூர் 1967-ல் நிறுவனத்தை விற்றுவிட்டு, செவித்திறன் குறைந்தோருக்கான கருவிகளை ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வின் பயனுக்குக் காப்புரிமை கோராமல், எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். 2011-ல் மறையும் வரை வில்ச்சூரின் அக்கறை, குறைந்த வசதியோடு கேட்க அமர்ந்திருப்பவர் மீதே இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை கடையில் நிற்கும்போது, அலமாரியின் உச்சியில் இருக்கும் விலைச்சீட்டைக் கண்டு நாம் தயங்கவேண்டியதில்லை.