போலிப் பில்லும் வலைப்பின்னல் பகுப்பாய்வும்: இந்திய வணிகவரி மோசடியைக் கண்டறியும் முறைகளின் வளர்ச்சி

இந்தியாவில் பொது விற்பனை வரி முதலில் நடைமுறைக்கு வந்தது சென்னை மாகாணத்தில். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை 1939இல் அதற்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. அக்காலந்தொட்டுப் பல பத்தாண்டுகள் வரி ஏய்ப்பு என்றாலே பெரும்பாலும் பில் போடாமல் விற்பதுதான். அதிகாரி கடைக்குச் சென்று பேரேட்டையும் சரக்கிருப்பையும் ஒப்பிடுவார். சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திப் பில்லோடு சுமையைச் சரிபார்ப்பார். ஆய்வு ஒரு வணிகர், ஒரு கணக்கு என்ற அளவிலேயே நின்றது.

மதிப்புக் கூட்டு வரி இந்நிலையை மாற்றியது. பெரும்பாலான மாநிலங்களில் 2005 ஏப்ரல் 1 அன்றும், தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்றும் அது அமலானது. கொள்முதலில் கொடுத்த வரியை விற்பனையில் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமையே, அதாவது உள்ளீட்டு வரி வரவே, இம்முறையின் அடிப்படை. வரவுக்கு ஆதாரம் பில் என்பதால் பில்லே பண மதிப்புள்ள பொருளாயிற்று. சரக்கே கைமாறாமல் பில் மட்டும் எழுதி விற்கும் பட்டியல் வணிகர்கள் தோன்றினர்.

இன்றைய 18 சதவீத விகிதத்தில் ஒரு பழைய இரும்புச் சங்கிலியைப் பார்க்கலாம். கூலித் தொழிலாளி ஒருவரின் ஆவணங்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்ட ‘அ’ என்ற நிறுவனம், ‘ஆ’வுக்கு ஒரு கோடி ரூபாய்க்குப் பில் தருகிறது. அதற்கான வரி 18 லட்சம். ‘அ’ அதைச் செலுத்தாமல் மறைந்துவிடுகிறது. ‘ஆ’ சிறிது விலை கூட்டி, ‘இ’ என்ற உண்மையான ஆலைக்குப் பில் எழுதுகிறது. வரி வித்தியாசத்தையும் ஒழுங்காகச் செலுத்துகிறது. ‘இ’ அந்த வரவைக் கொண்டு தன் வரியைக் குறைத்துக்கொள்கிறது. ‘ஆ’வின் கணக்கைத் தனியே ஆராய்ந்தால் குறை எதுவும் தென்படாது. மூன்று கணக்குகளையும் இணைத்துப் பார்த்தால்தான் அரசுக் கருவூலத்துக்கு வராத 18 லட்சம் வெளிப்படும்.

இந்த உண்மையிலிருந்தே வலைப்பின்னல் ஆய்வுகள் புறப்பட்டன. வணிகர்களைப் புள்ளிகளாகவும் விற்பனைகளைத் திசையுள்ள கோடுகளாகவும் கொண்டால் மாநில வணிகம் முழுவதும் ஒரு வலையாகிறது. தெலங்கானா வணிகவரித் தரவுகளைக் கொண்டு ஹைதராபாத் ஐஐடி ஆய்வாளர்கள் சுழல் வணிகத்தை ஆராய்ந்தனர். மோசடி விற்பனையை மறைக்கச் சிலர் தங்களுக்குள்ளேயே வட்டமாகப் பில் சுற்றுகிறார்கள். வட்டத்தில் வரவும் வரியும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் கையிலிருந்து பணம் போவதில்லை. அவ்வட்டங்களைக் கணினி வழியாக நீக்கினால் மறைந்திருந்த விற்பனை தெரியவரும் என்று அவர்கள் காட்டினர்.

டெல்லியின் வரி அறிக்கைகளை ஆராய்ந்த அப்ரஜித் மகாஜன், சேகர் மித்தல் முதலிய ஆய்வாளர்கள் போலி நிறுவனங்களைக் கண்டறிய இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தினர். இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. நேரடி ஆய்வில் பிடிபட்ட நிறுவனங்கள் போலி என்பது உறுதி. பிடிபடாதவை எல்லாம் நேர்மையானவை என்று கொள்ள முடியாது. இந்த ஒருபக்கச் சான்றைக் கொண்டே கணினியைப் பயிற்றுவிக்கும் வழியை அவர்களின் ஆய்வு வகுத்தது.

2017 ஜூலை 1 அன்று வந்த சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி), தரவை நாடளவில் ஒருங்கிணைத்தது. விற்பவர், வாங்குபவர் இருவரின் பில்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதே முதல் திட்டம். அதற்கான ஜிஎஸ்டிஆர்-2, 3 படிவங்கள் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டு, சுருக்கப் படிவமான 3பி நிலைத்தது. விற்பவர் காட்டாத பில்லுக்கும் வரவு எடுக்க அது இடம்கொடுத்தது. 2019 அக்டோபரில் அத்தகைய வரவுக்கு 20 சதவீத வரம்பு வந்தது. வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2022 ஜனவரி முதல் அத்தகைய வரவே அறவே நின்றது. இடையில் 2018 ஏப்ரலில் சரக்கை எடுத்துச்செல்வதற்கான இ-வே பில்லும், 2020 அக்டோபரில் மின்னணு விற்பனைப் பில்லும் சேர்ந்தன. சரக்குப் போக்குவரத்தும் பில்லும் இவ்வாறு ஒரே ஆய்வுக்குள் வந்தன.

பதிவு செய்த சில வாரங்களிலேயே கோடிகளில் விற்பனை, ரொக்கமாக வரி செலுத்தாமை, பல நிறுவனங்களுக்கு ஒரே கைபேசி எண் அல்லது முகவரி, கொள்முதலுக்குத் தொடர்பற்ற பொருள் விற்பனை ஆகியவை ஐயத்துக்குரிய அடையாளங்கள். தனித்தனியே இவற்றில் பலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். பல அடையாளங்கள் ஒரே கூட்டத்தில் சேரும்போது ஐயம் வலுக்கிறது.

ஆனால் கண்டறிவதோடு வேலை முடிவதில்லை. மகாஜனும் மித்தலும் பங்கேற்ற பிந்தைய கள ஆய்வு ஒன்றில், ஓர் இந்திய மாநிலத்தில் இயந்திரம் சுட்டிய நிறுவனங்களுக்கு அதிகாரிகள் நேரில் சென்றனர். இல்லாத நிறுவனங்களை இயந்திரம் சரியாகவே அடையாளம் காட்டியது; எனினும் பதிவு ரத்தோ வரி மீட்போ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. துறையின் நடைமுறையோடு கருவி இணையாததும் அதற்கு ஒரு காரணம். விற்றவர் வரி செலுத்தாவிட்டால் வாங்கியவரின் வரவைச் சட்டம் மறுப்பதால், உண்மையாகச் சரக்கு வாங்கி வரியும் கொடுத்த சிறு வணிகரும் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே கணினி தரும் மதிப்பெண்ணை விசாரணையின் தொடக்கமாகவே கொள்ள வேண்டும். வணிகரின் விளக்கத்தைக் கேட்டு, சரக்கு வந்ததற்கான சான்றைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவே சட்டத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்தும்.